பெஜோவின் முதல் காருக்கு நீராவி தந்தவர்: கார்ட்னர்-செர்பொலேயின் ஏழு ஆண்டுகள்

பெஜோ நிறுவனத்தின் முதல் கார் பெட்ரோலில் ஓடவில்லை. காப்பிக்கொட்டை அரைக்கும் கருவி, ரம்பம், சைக்கிள் என்று செய்து விற்றுக்கொண்டிருந்த அந்தக் குடும்பம், 1889ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு ஒரு மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. ஐஃபல் கோபுரம் எழுப்பப்பட்டது இதே கண்காட்சிக்காகத்தான். கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வந்த கூட்டத்தில் எத்தனை பேர் அந்த வண்டியைக் குனிந்து பார்த்தார்கள் என்று தெரியாது. வண்டி நீராவியில் ஓடியது. அதன் கொதிகலனும் எந்திரமும் பெஜோவின் வேலை அல்ல. பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் சிறிய தொழிற்சாலை வைத்திருந்த லெயோன் செர்பொலே என்ற முப்பது வயதுக்காரரின் வேலை.

அப்படிப்பட்ட வண்டிகளை நான்கு செய்ததோடு பெஜோ நிறுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டே ஜெர்மானியர் டைம்லரின் பெட்ரோல் எந்திரத்துக்கு மாறியது. பெஜோ என்ற பெயர் இன்றும் தெருவில் ஓடுகிறது. செர்பொலே நீராவியை விடவில்லை. 1900இல் ஓர் அமெரிக்கரின் பணத்தோடு கார்ட்னர்-செர்பொலே என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1902இல் உலகிலேயே வேகமாகக் கார் ஓட்டிய மனிதரானார். 1907இல் நோயால் இறந்தார். நிறுவனமும் அவரோடு முடிந்தது.

கார் வரலாறுகளில் இந்தக் கதைக்கு வழக்கமாக ஒரு வரிதான் ஒதுக்குவார்கள்: நீராவி பழையது, பெட்ரோல் புதியது, பழையது தோற்றது. எனக்கு இந்த வரியில் நம்பிக்கை இல்லை. கார்ட்னர்-செர்பொலே காரின் உட்புறத்தைப் பார்த்தால், அந்தக் காலத்துப் பெட்ரோல் கார்கள் பலவற்றைவிட அது நவீனமானது. அது வீழ்ந்ததற்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

தோசைக்கல்லும் கொதிகலனும்

செர்பொலே பிறந்தது 1858இல், ரோன் ஆற்றை ஒட்டி ஜூரா மலையடிவாரத்தில் இருக்கும் குலோஸ் என்ற சிற்றூரில். தந்தை தச்சர். அண்ணன் ஆன்ரியும் தம்பி லெயோனும் சேர்ந்து 1881இல் ஒரு புதுவகைக் கொதிகலனை உருவாக்கினார்கள். அதன் அருமை தெரிய வேண்டுமானால் பழைய கொதிகலன் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

ரயில் எந்திரத்தின் கொதிகலன் ஒரு பெரிய அண்டா. அதில் எப்போதும் நிறையத் தண்ணீர் அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். சூடேறவே மணிக்கணக்காகும். ஏறிய பிறகோ அது காவல் வேண்டிய பொருள். நீர்மட்டம் இறங்கி உலோகம் வெந்து பிளந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த அத்தனை வெந்நீரும் ஒரே நொடியில் ஆவியாக விரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கொதிகலன் விபத்துகளில் ஆளைக் கொன்றது பெரும்பாலும் இந்தச் சேமிப்புதான். இப்படி ஒன்றை இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போக யாரும் விரும்ப மாட்டார்கள்.

சகோதரர்கள் அண்டாவையே எடுத்துவிட்டார்கள். தடித்த எஃகுக் குழாயை அமுக்கித் தட்டையாக்கி, உள்ளே ஒரு மெல்லிய கீற்று மட்டும் இடைவெளியாக இருக்கும்படி செய்தார்கள். குழாயை நெருப்பில் பழுக்கக் காய்ச்சிவிட்டு, ஒரு முனையில் பம்பு மூலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைச் செலுத்தினால் மறுமுனையில் ஆவி வரும். எப்போது ஆவி வேண்டுமோ அப்போது தண்ணீர். தண்ணீரை நிறுத்தினால் ஆவியும் நின்றுவிடும். ஆங்கிலத்தில் இதை ஃபிளாஷ் பாய்லர் என்பார்கள். நாம் நொடிக் கொதிகலன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தோசை வார்ப்பவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் தெரியும். கல் அளவாகக் காய்ந்திருக்கும்போது தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகிவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் அதே தண்ணீர் ஆவியாகாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஆவிப் படலம் ஒன்று உண்டாகித் துளியை மிதக்கவிடுவதே காரணம். 1756இலேயே லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்த விஷயம் இது. பழுத்த குழாய்க்குள் தண்ணீர் இப்படி உருண்டு ஓடினால் ஆவி கிடைக்காது. தண்ணீர்தான் எந்திரத்துக்குள் போகும். செர்பொலே குழாயின் கீற்றுப் போன்ற இடைவெளிக்கு இங்கேதான் வேலை. உருளவோ மிதக்கவோ இடமே கொடுக்காமல் நீரை இரண்டு சுவர்களுக்கு நடுவே நெருக்கி ஆவியாக்கியது அது.

உள்ளே நிற்கும் நீர் ஒரு கைப்பிடி அளவு என்பதால் குழாய் பிளந்தாலும் 'புஸ்' என்ற சத்தத்தோடு கதை முடிந்துவிடும். அரசு விதிகளும் கொதிகலனில் நிற்கும் நீரின் அளவைக் கணக்கில் எடுத்துத்தான் கெடுபிடி காட்டின. நீரே நிற்காத கொதிகலனுக்கு அந்தக் கெடுபிடியில் பெரும்பகுதி பொருந்தவில்லை. நீராவி வண்டியைத் தனி மனிதர் தெருவில் ஓட்டலாம் என்ற பேச்சு எழ வழி பிறந்தது இப்படித்தான்.

உரிமமும் லியோன் பயணமும்

1886இல் மோன்மார்த்ரின் க்ளுவா தெருவில் செர்பொலே சகோதரர்கள் எந்திர நிறுவனம் உருவானது. பட்டறைகளுக்கான சிறு நீராவி எந்திரங்கள்தான் முதலில் அதன் பிழைப்பு. 1887இல் லெயோன் தன் எந்திரத்தை ஒரு மூன்று சக்கர வண்டியில் பொருத்தி ஓட்டினார். அர்மான் பெஜோவின் கண்ணில் பட்டது இந்த வண்டியின் வழிவந்ததுதான்.

பாரிஸ் தெருக்களில் வண்டி ஓட்டக் காவல்துறைத் தலைமையிடமிருந்து 1889இல் அவர் பெற்ற அனுமதியைத்தான் பிரான்சின் முதல் ஓட்டுநர் உரிமம் என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. பாரிஸில் மோட்டார் வண்டி ஓட்ட எல்லோருக்கும் தகுதிச் சான்று கட்டாயமானது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1893 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட காலத்தில் விதிக்கும் வேலை குறைவு. வண்டிகளே விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

1890 ஜனவரியில் செர்பொலே தன் நண்பர் எர்னெஸ்ட் ஆர்ச்டீகனைக் கூட்டிக்கொண்டு மூன்று சக்கர வண்டியில் பாரிஸிலிருந்து லியோனுக்குப் புறப்பட்டார். 460 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடுங்குளிர். போய்ச் சேர நாள்கணக்கில் ஆனது. உடைந்ததையெல்லாம் வழியிலேயே செப்பனிட்டுக்கொண்டுதான் போக முடிந்தது. ஆர்ச்டீகன் வசதியான வழக்கறிஞர், புதுமை எதைக் கண்டாலும் பின்னால் போகிறவர். பின்னாளில் பிரெஞ்சு விமானக் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, வட்டமடித்துத் திரும்பும் முதல் ஒரு கிலோமீட்டர் விமானப் பயணத்துக்கு அறிவித்த பரிசில் தன் பங்கையும் போட்டார். அவருடைய பொறுமைக்கு முதல் தேர்வு இந்த லியோன் பயணம்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் பெஜோவின் பெட்ரோல் வண்டி ஒன்று பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பந்தயத்தைத் தொடர்ந்து சென்று, தொழிற்சாலையிலிருந்து போய்த் திரும்பிய தூரத்தையும் சேர்த்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. ஆனால் ஓடியது. அர்மான் பெஜோ ஏன் கட்சி மாறினார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

செர்பொலேயின் அன்றைய வண்டியில் குறை கொதிகலனில் மட்டும் இல்லை, எரிபொருளிலும் இருந்தது. சுட்டகரி போட்டு எரிக்க வேண்டும். ஓட்டுபவர் ஒரு கண்ணைத் தெருவிலும் ஒரு கண்ணை அடுப்பிலும் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடுப்பைப் பார்க்க இன்னோர் ஆள். கார் ஓட்டுநருக்கு 'ஷோஃபர்' என்ற பிரெஞ்சுச் சொல் வந்ததே இந்த ஆளிடமிருந்துதான். சொல்லின் பொருள் சூடேற்றுபவர், அதாவது அடுப்புக்காரர். 1894 ஜூலையில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த முதல் கார்ப் போட்டியில் முதலில் வந்து சேர்ந்த தெ தியோனின் நீராவி வண்டிக்கு முதல் பரிசு கிடைக்காமல் போனதும் இந்த ஆளால்தான். அடுப்புக்குத் தனியாள் வேண்டிய வண்டி, சாதாரண மனிதர் வைத்துக்கொள்ளத் தக்கதல்ல என்று நடுவர்கள் கருதினார்கள். பரிசை பெட்ரோல் வண்டிகளான பனாரும் பெஜோவும் பகிர்ந்துகொண்டன. செர்பொலே முறையில் ஓடிய வண்டிகளும் அந்தப் போட்டியில் இருந்தன. யாரும் அவற்றைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை.

1890களில் பெரும்பகுதி செர்பொலே தனியார் கார்களை விட்டுத் தண்டவாளத்துக்குப் போய்விட்டார். பாரிஸ் டிராம்களில் அவருடைய கொதிகலன்கள் ஓடின. ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் ரயில்வேயும் நீராவி ரயில்பெட்டிகளுக்கு அவற்றை வாங்கிப் பார்த்தது. பிறகு அவற்றைக் கழற்றிவிட்டு கிட்டல் என்ற உள்ளூர்ப் பொறியாளரின் கொதிகலனைப் பொருத்திக்கொண்டது. நெருப்பில் நேரடியாகக் காயும் குழாய்கள் நீண்ட காலம் தாங்கவில்லை. இந்தக் குறை கடைசிவரை செர்பொலேயைத் துரத்தியது.

அமெரிக்கப் பணம், மண்ணெண்ணெய்ச் சுடர்

ஃபிராங்க் கார்ட்னர் பாரிஸில் குடியிருந்த அமெரிக்கச் செல்வந்தர். கார் தொழிலில் ஏற்கெனவே கை வைத்துப் பார்த்தவர், அதுவும் பெட்ரோல் காரில். அப்படிப்பட்டவர் நீராவிக்கு வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1900இல் நீராவி செத்துப்போன தொழில்நுட்பமாக யாருக்கும் தெரியவில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 கார்களில் 1,681 நீராவி, 1,575 மின்சாரம். பெட்ரோல் 936 மட்டுமே. அன்றைய முதலீட்டாளர் ஒருவர் இந்தக் கணக்கைப் பார்த்து நீராவியில் பணம் போட்டால் அவரை முட்டாள் என்று சொல்ல முடியாது.

கிழக்கு பாரிஸில் ஸ்தாந்தால் தெருவில் தொழிற்சாலை அமைந்தது. அங்கிருந்து வெளிவந்த கார் பழைய மூன்று சக்கர வண்டியின் பேரன் என்று சொன்னால்தான் தெரியும். சுட்டகரி போய் மண்ணெண்ணெய் வந்துவிட்டது. எரிப்பான், நம் வீடுகளில் ஒருகாலத்தில் சீறிக்கொண்டிருந்த பம்பு ஸ்டவ்வின் பெரிய அண்ணன். முதலில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து எரிப்பானைச் சூடாக்க வேண்டும். சூடானதும் மண்ணெண்ணெய் தானே ஆவியாகி நீலச் சுடரோடு எரியத் தொடங்கும். பிறகு கைப்பம்பால் சிறிது தண்ணீரைக் கொதிகலனுக்குத் தள்ளினால் வண்டி நகரத் தயார்.

எந்திரம் இன்னும் சுவையானது. நான்கு சிலிண்டர்கள், இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும். ரயில் எந்திரத்தில் ஆவி பிஸ்டனை இரண்டு பக்கமும் தள்ளும்; இங்கே ஒரு பக்கம் மட்டும். அதனால் ஆவி கசியும் இடங்கள் குறைந்தன. கிராங்க் தண்டு மூடிய பெட்டிக்குள் எண்ணெயில் சுழன்றது. நொடிக் கொதிகலனிலிருந்து வரும் ஆவி மிகுந்த சூடானது. வழக்கமான நழுவு வால்வில் அந்தச் சூட்டுக்கு மசகெண்ணெய் கருகி உலோகம் உராய்ந்து தின்னும். அதனால் பெட்ரோல் எந்திரத்தில் இருப்பதுபோல் எழும்பித் தாழும் குமிழ் வால்வுகளை வைத்தார். முன்புறத்தில் ஆவியைத் திரும்ப நீராக்கும் குளிர்விப்பான். தூரத்திலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் வைத்த பெட்ரோல் கார். நெருங்கி எந்திர மூடியைத் திறந்தாலும் ஒரு நிமிடம் ஏமாறலாம்.

ஆனால் செர்பொலேயின் மூளையைக் காண வேண்டிய இடம் பம்புகள். நொடிக் கொதிகலனில் சேமிப்பு இல்லை என்பது பாதுகாப்புக்கு நல்லது, ஓட்டுவதற்குக் கெட்டது. மேட்டில் ஏறும்போது கூடுதல் ஆவி வேண்டுமென்றால் எடுத்துக்கொடுக்க உள்ளே எதுவும் இருக்காது. தண்ணீரையும் நெருப்பையும் அந்தக் கணமே கூட்ட வேண்டும். தண்ணீர் கூடி நெருப்பு குறைந்தால் ஆவி ஈரமாகும். நெருப்பு கூடித் தண்ணீர் குறைந்தால் குழாய் வெந்துபோகும். செர்பொலே எண்ணெய்ப் பம்பையும் தண்ணீர்ப் பம்பையும் ஒன்றோடொன்று பிணைத்து, ஒரே நெம்புகோலை நகர்த்தினால் இரண்டும் ஒரே விகிதத்தில் கூடவும் குறையவும் செய்தார். பழைய வண்டியில் அடுப்புக்காரர் கண்ணாலும் கையாலும் செய்துகொண்டிருந்த வேலையை எந்திரமே எடுத்துக்கொண்டது.

கிளட்ச் இல்லை. கியர் இல்லை. நின்ற இடத்திலிருந்து முழு இழுவிசை கிடைக்கும் என்பதால் இரண்டுமே தேவைப்படவில்லை. கைப்பிடியைச் சுழற்றிக் கையை உடைத்துக்கொள்ளும் ஆபத்து இல்லை. சத்தமும் நடுக்கமும் இல்லை. அந்தக் காலத்துப் பெட்ரோல் காரில் பற்சக்கரங்கள் கடகடவென்று கத்த, கியர் மாற்றுவதே ஒரு வித்தையாக இருந்ததை நினைத்துக்கொண்டால், இந்த அமைதிக்கு மக்கள் பணம் கொடுத்ததில் வியப்பில்லை.

29.8 நொடி

நீஸ் நகரின் கடற்கரைச் சாலையில் ஆண்டுதோறும் வசந்தத்தில் கார்களின் வேகத்தை அளந்து பார்ப்பார்கள். 1901இல் செர்பொலே அங்கே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டினார். அப்போது உலகச் சாதனை பெல்ஜியக்காரர் ஜெனத்சியின் மின்சாரக் காரிடம் இருந்தது: 1899 ஏப்ரலில் மணிக்கு 105.88 கிலோமீட்டர். பீரங்கிக் குண்டு வடிவத்தில் இருந்த அந்தக் காருக்கு 'ஒருபோதும் திருப்தியடையாதவள்' என்று பெயர்.

1902 ஏப்ரல் 13 அன்று செர்பொலே முட்டை வடிவக் கூடு போர்த்திய ஒரு காரோடு நீஸுக்கு வந்தார். பார்த்தவர்கள் அதற்கு 'ஈஸ்டர் முட்டை' என்று பெயர் வைத்தார்கள். ஓடிவந்த வேகத்திலேயே ஒரு கிலோமீட்டரைக் கடக்க அது எடுத்துக்கொண்டது 29.8 நொடி. மணிக்கு 120.8 கிலோமீட்டர். 16 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று காவல்துறை எழுதிக்கொடுத்த அதே மனிதர், பதின்மூன்று ஆண்டுகளில்.

சாதனை நான்கு மாதம்கூட நிற்கவில்லை. ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்கர் வில்லியம் வாண்டர்பில்ட் மோர்ஸ் காரில் 122.4 கிலோமீட்டரைத் தொட்டார். உலக வேகச் சாதனை பெட்ரோல் கைக்கு வந்தது அப்போதுதான் முதல்முறை. நவம்பருக்குள் வேறு இரண்டு மோர்ஸ் கார்கள் அதையும் தாண்டிவிட்டன. 1904 ஜூலையில் கோப்ரோன்-பிரியே கார் ஒன்று 166 கிலோமீட்டரைக் கடந்தது. அப்படியென்றால் நீராவியின் வேகம் தீர்ந்துவிட்டதா? இல்லை. 1906 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரையில் ஸ்டான்லி நீராவி கார் மணிக்கு 205 கிலோமீட்டரைத் தொட்டது. நீராவி காருக்கான அந்த அளவை வேறொரு நீராவி கார் அதிகாரப்பூர்வமாக முந்த 2009 வரை ஆனது. வேகத்தால் நீராவி தோற்றது என்று சொல்பவர்கள் இந்த ஒரு தேதியைப் பார்த்தால் போதும்.

ஒரு கிலோமீட்டரில் வெல்வது வேறு, ஒரு நாள் முழுக்க ஓடுவது வேறு. பாரிஸிலிருந்து பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் நடந்த நெடும் பந்தயங்களில் கார்ட்னர்-செர்பொலே கார்கள் கலந்துகொண்டன. பெரும்பரிசுகள் பெட்ரோல் கார்களுக்கே போயின. தண்ணீருக்கு நிற்க வேண்டும். குளிர்விப்பான் ஆவி முழுவதையும் திரும்பப் பிடிக்கவில்லை. பிடித்த நீரிலும் சிலிண்டர் எண்ணெய் கலந்திருக்கும். எண்ணெயோடு அந்த நீர் கொதிகலனுக்குத் திரும்பினால் குழாய்க்குள் கரி படியும். கரி படிந்த இடத்தில் சூடு கடக்காது, குழாய் வேகும்.

ஒரு தலை, நூறு கை

பந்தயத் தோல்வியால் மட்டும் ஒரு நிறுவனம் மூடப்படுவதில்லை. 1900இன் பிரெஞ்சுக் கார் தொழிலை ஒரு சந்தையாகக் கற்பனை செய்யுங்கள். தெ தியோன்-பூத்தோன் நிறுவனமும் முதலில் நீராவி வண்டிதான் செய்தது. பெட்ரோலுக்கு மாறுவதை ஏற்காத கூட்டாளி த்ரெபார்து 1894இல் வெளியேறினார். மாறிய நிறுவனம் சிறிய, வேகமாகச் சுழலும் ஒற்றைச் சிலிண்டர் எந்திரத்தைச் செய்து, அதைத் தன் வண்டியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் கேட்டவர்களுக்கெல்லாம் விற்றது. 1898இல் லூயி ரெனோ என்ற இளைஞர் தோட்டத்துக் கொட்டகையில் தன் முதல் காரைச் செய்தபோது அதில் பொருத்தியது தெ தியோன் எந்திரம். அவரைப் போல நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் அந்த எந்திரத்தோடு சந்தைக்கு வந்தன. பல பெயர்கள் ஓரிரு ஆண்டில் காணாமல் போயின. ஆனாலும் அவை பழக்கிவிட்ட பழுதுபார்ப்பவர்களும் உதிரிபாகக் கடைகளும் பெட்ரோல் விற்ற மளிகைக்காரர்களும் அப்படியே இருந்தார்கள். அடுத்து வந்த பெயர் அவர்கள்மேல் ஏறி நின்றது. 1903இல் உலகக் கார்களில் ஏறக்குறைய பாதி, முப்பதாயிரம் அளவில், பிரான்சில் செய்யப்பட்டன என்றால் இந்த ஏணிப்படிதான் காரணம்.

செர்பொலே காரை யாராலும் கொட்டகையில் கூட்டி முடிக்க முடியாது. கொதிகலன் குழாய், எரிப்பான், பிணைந்த பம்புகள், வால்வுகள் என்று எல்லாம் ஒன்றுக்கொன்று அளந்து செய்யப்பட்டவை. ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் மாற்ற வேண்டும். அவருடைய எந்திரத்தை மட்டும் தனியாக வாங்கிப்போய்ப் புது நிறுவனம் தொடங்க வழியில்லை. கிராமத்துக் கொல்லருக்கு அச்சை நிமிர்த்தத் தெரியும். வெந்த குழாய்ச் சுருளை மாற்றத் தெரியாது. பெட்ரோல் எந்திரத்தின் குறைகளை நூறு பட்டறைகள் ஆளுக்கொரு பக்கமாகத் தேய்த்துக்கொண்டிருந்தன. நீராவியின் குறைகளைத் தேய்க்க பிரான்சில் இருந்தது பெரும்பாலும் ஒரே தலை.

அந்தத் தலை சளைக்கவில்லை என்பதும் உண்மை. ஒவ்வோர் ஆண்டும் கொதிகலனையோ எரிப்பானையோ திருத்திக்கொண்டே இருந்தார். எனக்கு இதுவே ஒரு குறையாகத் தெரிகிறது. திருத்தத்துக்கு முடிவே இல்லாத பொருளைத் தொடர்ந்து ஒரே மாதிரி செய்து விலையைக் குறைக்க முடியாது. கார்ட்னரின் பணம் கார்களைப் பணக்காரர்களின் வாசல்வரை கொண்டுபோனது. அதற்கு மேல் கொண்டுபோகவில்லை.

பஸ் என்ற கடைசி முயற்சி

1905, 1906இல் செர்பொலே கனரக வண்டிகளின் பக்கம் திரும்பினார். அது புத்திசாலித்தனமான முடிவு. பஸ் ஒரே தடத்தில் ஓடும், தண்ணீர் பிடிக்க இடம் குறித்துவைக்கலாம், இரவில் பணிமனைக்குத் திரும்பும், குழாய் மாற்றத் தெரிந்த ஆள் அங்கேயே இருப்பார். தனியார் காரில் நீராவிக்கு இருந்த குறைகள் பலவும் பஸ்ஸில் கரைந்துவிடுகின்றன. ஆனால் பாரிஸ் ஆம்னிபஸ் நிறுவனம் பெட்ரோல் எந்திரம் பொருத்திய பிரியே-ஷ்னைடர் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தது. 1906 ஜூனில் பாரிஸின் முதல் மோட்டார் பஸ் தடம் மோன்மார்த்ரிலிருந்தே புறப்பட்டது. செர்பொலே தன் முதல் பட்டறையை வைத்திருந்த அதே மோன்மார்த்ர்.

கைகொடுக்க வந்தவர் பெட்ரோல் கார்க்காரரான அலெக்சாந்தர் தராக். மலிவாகவும் மொத்தமாகவும் செய்யத் தெரிந்தவர், முதலீட்டை இங்கிலாந்திலிருந்து திரட்டத் தெரிந்தவர். தராக்-செர்பொலே என்ற பெயரில் நீராவி பஸ் நிறுவனம் 1906இல் தொடங்கியது. (அதே ஆண்டு தராக் இத்தாலியிலும் ஒரு கிளை வைத்தார். அதுவும் நொடித்தது. வாங்கியவர்கள் 1910இல் அதற்கு வைத்த பெயர் ஆல்ஃபா. பின்னாளின் ஆல்ஃபா ரோமியோ.) தொழில் சூடுபிடிக்கும் முன்பே, 1907 பிப்ரவரியில், செர்பொலே இறந்துபோனார். வயது 48. ஸ்தாந்தால் தெருவின் கார்கள் அந்த ஆண்டோடு நின்றன.

பஸ்கள் மட்டும் லண்டனில் அவர் இல்லாமலே ஓடின. 1907 முதல் 1912 வரை மெட்ரோபாலிடன் ஸ்டீம் ஆம்னிபஸ் நிறுவனம் தராக்-செர்பொலே பஸ்களை ஓட்டியது. பெட்ரோல் பஸ்களின் இரைச்சலைப் பற்றி லண்டன்வாசிகள் முறையிட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவை சத்தமில்லாமல் போயின. கிளார்க்சன் என்ற ஆங்கிலேயர் தன் சொந்த வடிவமைப்பில் செய்த மண்ணெண்ணெய் நீராவி பஸ்கள் லண்டனில் 1919 வரைகூட ஓடின. அந்தக் கதை முடியக் காரணம் போருக்குப் பின் ஏறிய எண்ணெய் விலை. செர்பொலே இருந்திருந்தால் பத்தாண்டுகள் கூட ஓடியிருக்கும் என்று ஊகிப்பதற்கு இது போதுமான ஆதாரம் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் ஓடியிருக்காது. 1912இல் அமெரிக்காவின் கேடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரோடு வந்துவிட்டது. கைப்பிடி சுழற்ற வேண்டாம் என்ற நீராவியின் பழைய பெருமை அதோடு போயிற்று.

பாரிஸின் பதினேழாம் வட்டத்தில் சான்-ஃபெர்தினான் சதுக்கத்தில் சிற்பி ஜான் பூஷே 1911இல் செதுக்கிய செர்பொலே நினைவுச்சின்னம் நிற்கிறது. ஆவியைக் கல்லில் வடிக்கும் சங்கடமான வேலையைச் சிற்பி துணிந்து எடுத்திருக்கிறார். கல் புகையாகச் சுருண்டு மேலே போகிறது. நடுவே கார், காரில் செர்பொலே. அவருடைய ஆரம்பகால மூன்று சக்கர வண்டி பாரிஸ் கலை, தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஓடுகிற நிலையில் பார்க்க வேண்டுமென்றால் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை லண்டனுக்குப் போக வேண்டும். 1905க்கு முன் செய்யப்பட்ட கார்கள் மட்டும் ஹைட் பூங்காவிலிருந்து விடியும் வேளையில் பிரைட்டன் கடற்கரைக்குக் கிளம்பும். கார்ட்னர்-செர்பொலே கார்களும் அந்த வரிசையில் வந்ததுண்டு. பெட்ரோல் கார்க்காரர்கள் கைப்பிடியைச் சுழற்றி, இருமவைத்து, கிளம்பிவிடலாம். நீராவிக்காரர்கள் அவர்களுக்கு முன்பே எழுந்து, இருட்டில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, மஞ்சளாக எரியும் சுடர் நீலமாகும்வரை காத்திருக்க வேண்டும்.